மச்சான் கொடுத்த ‘வெண்ணெய் மீன்’: யார் சாப்பிடலாம், யார் கூடாது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மச்சான் பினாங்கின் ‘பத்து மவுங்’ துறைமுகத்தில் மீன் இறக்கும் சூரைப் படகு ஒன்றில் வேலை செய்கிறார். சென்ற வாரம் கறுத்த தோலும் பால்வெள்ளைச் சதையும் கொண்ட பெரிய துண்டு ஒன்றை ‘வெண்ணெய் மீன்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ, அது வயிற்றைக் கலக்கும், தொடாதீர்கள் என்கிறாராம். வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மாவும், ஏழு மாதக் கர்ப்பிணியான மகளும் இருக்கிறார்கள். குழம்பு வைக்கலாமா? இந்த மீனைப் பினாங்குக் கடலில் நாமே பிடிக்க முடியுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அக்கா சொன்னது சரி. குழம்பு வைக்காதீர்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது எஸ்கொலாராகவோ, அதன் நெருங்கிய உறவான ஆயில்ஃபிஷ்ஷாகவோ இருக்க வேண்டும். இரண்டும் பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடந்து, இரவில் கணவாயையும் சிறு மீன்களையும் தேடி மேலே வருபவை. சூரைப் படகுகள் நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைத் தொங்கவிடும்போது இவையும் தாமாக வந்து மாட்டிக்கொள்கின்றன. பினாங்கைச் சுற்றியுள்ள மலாக்கா நீரிணை நூறு மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அங்கே தூண்டில் போட்டு இந்த மீனுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் மச்சானின் படகு இந்தியப் பெருங்கடலின் ஆழப் பகுதிக்குப் போய்வந்திருக்க வேண்டும்.

இந்த மீன் வயிற்றைக் கலக்குவது நஞ்சால் அல்ல. சிக்கல் அதன் கொழுப்பில்தான் இருக்கிறது. நாம் உண்ணும் மற்ற மீன்களின் எண்ணெயை நம் குடல் உடைத்து உறிஞ்சிக்கொள்ளும். எஸ்கொலாரின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. அதில் பெரும்பகுதி மெழுகு வகையைச் சேர்ந்தது. கூந்தலுக்குத் தடவும் ஜோஜோபா எண்ணெயும் இதே இனம்தான். மீனுக்கு அது நீரில் மிதக்க உதவுகிறது. நம் செரிமான நீரால் அதைச் சரிவர உடைக்க முடியாது. ஆகவே அது அப்படியே குடலில் வழிந்து, ஆரஞ்சு அல்லது பழுப்பு நிற எண்ணெயாக, அடக்க முடியாமல் வெளியேறிவிடுகிறது. அரை மணி நேரத்திலும் வரலாம், மறுநாளும் வரலாம். சிலருக்கு வயிற்றுவலியும் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். ஆனால் முதியவர்களுக்கு உடலில் நீர் வற்றிவிட்டால் அதுவே பெரிய ஆபத்து. உங்கள் அம்மாவை நினைத்துத்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். மகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆழ்கடலின் பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். அது கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு.

ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இந்த மீன்களை விற்கவே தடை. 2007இல் ஹாங்காங்கில் ஆயில்ஃபிஷ்ஷை ‘காட்’ (cod) என்ற வேறொரு மீனின் பெயரில் விற்று, வாங்கியவர்கள் பலர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். இதை நம் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் குழந்தைக்குக் கஞ்சியில் சேர்க்கவும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கவும் உறைந்த ‘காட்’ துண்டுகளை விலை பாராமல் வாங்குகிறோம். வெட்டிய வெள்ளைத் துண்டைப் பார்த்து எது எது என்று சொல்வது கடினம். தோலோடு வாங்குங்கள். தோல் முள் முள்ளாகச் சொரசொரத்தால் அது ஆயில்ஃபிஷ். கரும்பழுப்புத் தோலில் வலைப்பின்னல் போன்ற கோடுகள் தெரிந்தால் எஸ்கொலார் என்று சந்தேகியுங்கள். முழு மீனாகப் பார்த்தால் எஸ்கொலாரின் பக்கவாட்டுக் கோடு நேராகப் போகாமல் வளைந்து நெளிந்து ஓடும். காட் என்று சொல்லி வழக்கத்துக்கு மாறான மலிவு விலையில் கொடுத்தால், பொட்டலத்தில் மீனின் அறிவியல் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உடல்நலமுள்ள பெரியவர்கள் சுவைத்துப் பார்க்க விரும்பினால் நான் தடுக்கமாட்டேன். சுவை அருமை, அதை மறுப்பதற்கில்லை. மெல்லிய சிறு துண்டாக வெட்டி, கம்பி வலையில் வைத்துக் கரியடுப்பில் சுடுங்கள். சொட்டும் கொழுப்பைத் தொடாமல் கொட்டிவிடுங்கள். சுட்டால் மெழுகில் கொஞ்சம்தான் வடியும், முழுவதும் போகாது. புளியோ மஞ்சளோ எலுமிச்சையோ அதை மாற்றாது. உறைய வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். குழம்பை நான் வேண்டாம் என்பது இதனால்தான்: வடிந்த மெழுகு முழுவதும் சட்டியிலேயே தங்கி, சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடும். கஞ்சிக்கும் சூப்புக்கும் இதே கதைதான். இத்தனை கிராம் வரை பயமில்லை என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் எல்லை கிடையாது. சிலருக்குச் சிறு துண்டே போதும். ஆகவே மறுநாள் வேலையோ பயணமோ இருந்தால் ஒத்திப்போடுங்கள். குடல் நோயுள்ளவர்களும் சிறுவர்களும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். மச்சான் அதைப் படகிலிருந்து ஐஸில் வைத்துக் கொண்டுவந்தாரா? சூரையைப் போலவே இந்த மீனும் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் வேதிப்பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வந்தால் அது மெழுகின் வேலையல்ல, ஹிஸ்டமினின் வேலை. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி என்றாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. என்ன மீன், எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று குறித்துவைத்தால் மருத்துவருக்கும் அவர்களுக்கும் உதவும்.

மீதமுள்ள துண்டை அக்கம்பக்கத்தில் பங்கிடுவதாக இருந்தால் பெயரையும் விளைவையும் சொல்லிக் கொடுங்கள். மீன் சுவையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது நியாயமில்லை. மச்சானிடம் அடுத்த முறை, அதே தூண்டிலில் மாட்டும் பெரிய செதில்களும் தட்டையான உயர்ந்த உடலும் கொண்ட ஆழ்கடல் வாவல் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலும் கொழுப்பு உண்டு, ஆனால் இந்த மெழுகுத் தொல்லை இல்லை. அம்மாவுக்குத் தாராளமாகக் குழம்பு வைக்கலாம். மகளுக்கு மட்டும் பிரசவம் முடியும்வரை கெம்போங் (கானாங்கெளுத்தி) போன்ற சிறு மீன்களே போதும்.