எரியும் விளக்கை மறைக்காதீர்கள்

கார் எலக்ட்ரிக்கல் வேலையில் எனக்கு இது 22-வது வருடம். இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைப் பற்றியவை: டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு, முன்னால் மோதப்போகிறோம் என்று கத்தும் எச்சரிக்கை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காலையில் வண்டியை எடுத்ததும் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறியோடு எரிகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் தானாக அணைந்துவிடுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. டயரில் காற்றுதான் குறைவாக இருக்கிறது. நீங்கள் லாடம் என்று சொல்வது, குறுக்கே வெட்டிப் பார்த்த டயரின் படம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சாதாரண கார் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் எச்சரிக்கை அளவுக்குக் கீழே போய்விடுகிறது. ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் மேலே வருகிறது, விளக்கு அணைகிறது. அணைந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே காற்று கூடவில்லை, சூடு மட்டும்தான் கூடியிருக்கிறது.

அந்த எச்சரிக்கை அளவு எவ்வளவு தெரியுமா? அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்தக் கண்காணிப்பு கட்டாயம். நிர்ணயித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதாவது 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 25-க்குப் பக்கத்தில் வந்த பிறகு எரிந்தால்கூட விதிப்படி சரிதான். 28-ல் ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பற்றி விளக்கு வாயே திறக்காமல் இருக்கலாம். அதனால் விளக்குக்காகக் காத்திருக்காமல் மாதம் ஒரு தடவை நீங்களே அளந்து பாருங்கள். நல்ல டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று கசிந்து போகும்.

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். எந்த எண் சரி என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம்; அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அதே மாதிரி, ஓடி வந்த டயரில் அளவு கூடத் தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிடவும் கூடாது.

கேள்வி: எட்டு வருடப் பழைய கார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டயர் விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு அப்புறம் விடாமல் எரிகிறது. நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறது.

பதில்: மினுக்கிவிட்டு எரிந்தால், ‘என்னாலேயே அளக்க முடியவில்லை’ என்று வண்டி சொல்கிறது. உங்கள் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடிப்பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து வானொலி அலையில் அனுப்புகிறது. சில நாடுகளில் 315 மெகாஹெர்ட்ஸ், பல நாடுகளில் 433. அதற்குள் இருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரை வரும். வார்த்து மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். எட்டு வருடம் என்கிறீர்கள், ஒன்று ஓய்ந்திருக்கும். நான்கும் ஒரே வயது என்பதால் மற்றவையும் பின்னாலேயே வரும். டயர் மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ரிம்மிலிருந்து டயரைக் கழற்றும் வேலை ஒரு தடவையோடு முடியும். புதிய சென்சார்களின் எண்ணை வண்டிக்குப் பதிவு செய்யவும் மறக்க வேண்டாம். ஸ்டெப்னி மாட்டியிருந்தாலும் இதே மாதிரி மினுக்கலாம், பல கார்களில் ஸ்டெப்னிக்குள் சென்சார் இருக்காது.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு சம்பவம் உண்டு. இப்படித்தான் ஒருவருடைய காரில் ஒரு சென்சார் ஓய்ந்து விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. தொந்தரவாக இருக்கிறதென்று அவர் அதன் மேல் கறுப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டார். சில மாதங்கள் கழித்து வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று கொண்டுவந்தார். வலது பின் டயரில் ஒரு சின்ன ஆணி. அந்தச் சக்கரத்தின் சென்சார் உயிரோடுதான் இருந்தது, காற்று குறைவதைச் சொல்லிக்கொண்டும் இருந்தது. ஆனால் கோளாறுக்கும் காற்றுக் குறைவுக்கும் அந்த வண்டியில் ஒரே விளக்கு, அதுவும் டேப்புக்கு அடியில்.

டயரைக் கழற்றி நிமிர்த்தித் தட்டினேன். உள்ளேயிருந்து கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டியது, இரண்டு கை நிறைய அள்ளலாம். காற்றில்லாமல் ஓடும்போது டயரின் பக்கவாட்டு மடங்கி மடங்கி, உள்பக்க ரப்பரே அரைபட்டு உதிரும் தூள் அது. விரலை விட்டுத் தடவினால் சுற்றிலும் ஒரு வளையமாக ரப்பர் தேய்ந்து நூல் இழைகள் கைக்குத் தட்டுப்பட்டன. வெளியே பார்த்தால் நல்ல டயர், ரோட்டைத் தொடும் பட்டன் கட்டைகளின் தேய்மானம்கூட அதிகமில்லை. அவர் அதை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய் வந்திருந்தார். அந்தப் பொடியை அவர் கையில் போட்டுக் காட்டினேன், வெகு நேரம் ஒன்றுமே பேசவில்லை. பங்க்சர் ஒட்டும்போது உள்ளே இந்தத் தூள் இருந்தால் அந்த டயரைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒட்டுபவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நண்பரின் காரில் நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டுகிறது. என் காரில் வெறும் விளக்குதான். ஏன்?

பதில்: உங்கள் காரில் சக்கரத்துக்குள் சென்சாரே இல்லாமல் இருக்கலாம். காற்று குறைந்த டயரின் ஆரம் கொஞ்சம் சுருங்கும், அதனால் அதே தூரத்துக்கு மற்றச் சக்கரங்களைவிடச் சற்று அதிகமாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களைக் கொண்டே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான்கு டயரிலும் ஒரே அளவு மெதுவாகக் குறைந்தால் ஒப்பிட ஆள் இல்லை. சுழற்சியோடு சக்கரத்தின் அதிர்வையும் கவனிக்கும் புதிய கார்கள் இதில் கொஞ்சம் தேவலை.

உங்களுக்கு முக்கியமானது ரீசெட் பட்டன். அதை அழுத்தினால், ‘இப்போது இருப்பதுதான் சரியான அளவு’ என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். விளக்கு எரிகிறதே என்று காற்றடிக்காமல் அதை அழுத்தினால், குறைந்த காற்றையே சரி என்று கற்றுக்கொள்ளும். முதலில் நான்கிலும் காற்றைச் சரி செய்யுங்கள், பிறகு அழுத்துங்கள்.

கேள்வி: பங்க்சர் தடுக்கும் திரவம் ஊற்றலாமா? நைட்ரஜன் அடித்தால் சென்சாருக்கு நல்லதா?

பதில்: திரவம் சென்சாரின் ஊசித்துளையை அடைத்துவிடக்கூடும். சென்சாருக்கு ஏற்றது என்று அதன் மேலேயே போட்டிருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சென்சாருக்கு இரண்டும் ஒன்று.

கேள்வி: முன் கண்ணாடி விரிசல் விட்டதால் மாற்றினோம். அதற்குப் பிறகு காலி ரோட்டில்கூட மோதல் எச்சரிக்கை கத்துகிறது. கண்ணாடி மாற்றிய இடத்தில், ‘அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்கிறார்கள்.

பதில்: சம்பந்தம் நிறைய இருக்கிறது. பின்னால் வருவதைப் பார்க்கும் உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா இருக்கிறது. கண்ணாடியை மாற்றும்போது அதைக் கழற்றித் திரும்ப மாட்டியிருப்பார்கள். அது ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை 1.75 மீட்டர் தள்ளிப் போகும். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்தில் போகிற வண்டியை உங்கள் எதிரில் இருப்பதாக நினைத்துக் கத்தும். இதைவிட மோசம், எதிரில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துச் சும்மா இருந்துவிடும்.

ஆகவே கேமராவை அளவு சரிசெய்ய வேண்டும், கேலிபரேஷன் என்பார்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்துச் செய்வது ஒரு முறை. கருவியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாக இருக்கும் சாலையில் ஓட்டிச் செய்வது இன்னொன்று. உங்கள் காருக்கு எது என்பது தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். செய்து முடித்ததற்குக் கருவி தரும் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பருக்கும் இதே கதைதான். முன்னால் இருக்கும் வண்டியின் தூரத்தை அளக்க கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும் ரேடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கிறது. அதன் முன்னால் தடிமனாகப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாலோ, இரும்புக் கம்பி போட்டாலோ பார்வை கெடும். லேசாக இடித்த ஒரு கார் என்னிடம் வந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பம்பரைக் கழற்றி ரேடாரின் தாங்கி மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தால், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு ஒரு டிகிரிக்கு மேல்.

கேள்வி: வளைவில் ஓரமாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தெல்லாம் கத்துகிறது. அணைத்து வைத்துவிடலாமா?

பதில்: அணைக்க வேண்டாம். எதற்காகக் கத்துகிறது என்று தெரிந்தால் எரிச்சல் பாதி குறையும். அது வெறும் தூரத்தைப் பார்ப்பதில்லை, மோத எத்தனை விநாடி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. நீங்கள் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிறீர்கள், 40 மீட்டர் முன்னால் ஒரு வண்டி 54-ல் போகிறது என்றால் நெருங்கும் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். நான்கு விநாடி இருக்கிறது. அதே இடத்தில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தால் 1.6 விநாடிதான். வளைவில் உங்கள் காரின் மூக்கு ஒரு கணம் அந்த நிற்கும் வண்டியை நேராகப் பார்க்கிறது. நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்பது அதற்கு உறுதியாகத் தெரியாது.

மெனுவில் எச்சரிக்கைத் தூரத்தை மாற்றும் வசதி இருக்கும். அருகில் வந்தால் மட்டும் சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியுள்ள கார்களில், முன் வண்டியின் பின்புறம் மோதும் விபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. வளைவில் கேட்கும் ஒரு ஒலிக்காக இதை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் அது பார்த்துவிடும் என்றும் நம்பாதீர்கள். பாலத்தின் அடிப்பாகமும் பெயர்ப்பலகைகளும்கூட ரேடாருக்கு அசையாத உலோகம்தான். அவை எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓட்டவே முடியாது என்பதால், அசையாத பொருளை நம்புவதில் மென்பொருள் தயங்குகிறது. அதிவேகத்தில் போகும்போது, சாலையில் நின்றுவிட்ட லாரியைப் பிடிப்பதுதான் அதற்குக் கடினமான வேலை. இருட்டு, கனமழை, கண்ணில் அடிக்கும் மாலை வெயில் ஆகியவை கேமராவையும் தடுமாற வைக்கும்.

கேள்வி: மகள் இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். இந்த எச்சரிக்கைகள் இருக்கும் கார் என்பதால் தைரியமாகத் தனியாக அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள் அம்மா. அதற்கு முன் இரண்டு வேலைகளை அவளையே செய்யச் சொல்லுங்கள்.

காலியான ஒரு மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து நிறுத்தச் சொல்லுங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலடியில் கடகடவென்று துடிக்கும். முதல் தடவை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எச்சரிக்கை ஒலி ஒரு விநாடி முன்னால் வந்தாலும் கால் தயங்கினால் பயனில்லை. துடிப்பு பழகும் வரை நாலைந்து தடவை செய்யட்டும்.

அடுத்தது டயர். ரேடாருக்கும் கேமராவுக்கும் முன்னால் போகும் வண்டிதான் தெரியும், உங்கள் டயரின் நிலை தெரியாது. பிரேக்கைக் கார் பிடித்தாலும் மகள் பிடித்தாலும், வண்டியை நிறுத்துவது ரோட்டைத் தொடும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். காற்று குறைந்த டயர் ஈரச் சாலையில் சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். கையடக்கமான அளவுமானி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். முதல் தடவை வால்வில் வைக்கும்போது புஸ்ஸென்று காற்று போகும், நேராக அழுத்தினால் நின்றுவிடும். நான்கையும் அளந்து எண்களை ஒரு தாளில் எழுதட்டும். ஐந்தாவதாக ஸ்டெப்னியையும்.