பதில்: அமிகா பிளாப்பியிலிருந்து அனிமேஷனை எடுப்பது

வணக்கம் நண்பரே. அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியின் பிளாப்பிகளை (நெகிழ்வட்டுகளை) யுஎஸ்பி டிரைவில் போட்டால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது என எழுதியிருந்தீர்கள். தப்பித்தவறியும் 'ஆம்' கொடுத்துவிடாதீர்கள்! வட்டு கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. அதே 3.5 அங்குல வட்டில் பிசி 720 கேபி எழுதும். அமிகா ஒரு டிராக்குக்கு (வட்டின் ஒரு வளையத்துக்கு) 11 செக்டராக (துண்டாக) 880 கேபி எழுதும். யுஎஸ்பி டிரைவுக்கு அந்த எழுத்து புரியவே புரியாது.

முதலில் வட்டின் மூலையிலுள்ள தடுப்பை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வையுங்கள். இனி யாரும் அதில் எழுத முடியாது. பிறகு கிரீஸ்வீசில் என்ற சிறிய மின்சுற்றுப் பலகையும், பிசிக்குள் பொருத்தும் சாதாரண பிளாப்பி டிரைவும் வேண்டும். அது காந்தத் துடிப்புகளையே படித்து ஏடிஎஃப் கோப்பாக (வட்டு முழுவதன் நகலாக) தரும். சரியாக வந்தால் அளவு 9,01,120 பைட். அதை எஃப்எஸ்-யுஏஇ எமுலேட்டரில் (பிசியை அமிகா போல இயங்கவைக்கும் மென்பொருளில்) ஏற்றுங்கள்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 'அனிம்' வகைக் கோப்பு. அமிகாவின் ஓவிய மென்பொருளான டீலக்ஸ் பெயின்ட் 3 எழுதியதும் அதைத்தான். முழுப் படங்களைச் சேமிக்காமல், மாறிய புள்ளிகளை மட்டும் வைப்பதால்தான் ஒரு பிளாப்பியில் இவ்வளவு அசைவு அடங்கியது. (எனக்கு இன்றும் அது வியப்புதான்.) ஆனால் ஓடும்போது முழுதும் ராமில் ஏறும், பாதியில் நின்றால் எமுலேட்டரில் நினைவகத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பகிர்வதற்கு முன், 1992இல் தொடங்கிய அமிநெட் என்ற இணைய அமிகா களஞ்சியத்தில் அதே கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். பிரெட் பிஷ் என்பவர் தொகுத்த அமிகா மென்பொருள் வட்டுகளையும் விட்டுவிடாதீர்கள், அவை ஆயிரத்துக்கும் மேல். எங்கும் இல்லையென்றால் ஏடிஎஃபை அப்படியே கொடுங்கள், வீடியோவாக மட்டும் மாற்றிவிட்டு மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.