கதை பிடிபடாததற்குக் காரணம் பாடல் வரிசைதான்

ஜெஃப் வெய்னின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ இசைத்தொகுப்பைக் கைப்பேசியில் கேட்கும்போது கதை பிடிபடவில்லை என்றும், பாடல்களுக்கு நடுவே ஒலி அறுபடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பாடல்களை மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் ‘ஷஃபிள்’ வசதியை முதலில் நிறுத்திவிட்டு, செயலியில் பாடல்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஒலிக்கவிடும் ‘கேப்லெஸ்’ அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். 1978இல் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த இத்தொகுப்பில், முதல் தட்டு செவ்வாய்வாசிகளின் வருகையையும் இரண்டாவது தட்டு அவர்களின் பிடியில் தவிக்கும் பூமியையும் சொல்வதால், வரிசை குலைந்தால் ரிச்சர்ட் பர்ட்டனின் கதைசொல்லல் துண்டுதுண்டாகிவிடும். 2012 மறுபதிவில் லியாம் நீசன் கதைசொல்கிறார். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடாதீர்கள். என் காதுக்குப் பர்ட்டன்தான் உயர்வு. இத்தொகுப்புக்கு மூலமான எச். ஜி. வெல்ஸின் நாவலைப் படித்திருந்தால், பெத் என்ற பாத்திரத்தை அதில் தேட வேண்டாம். பாதிரியாரின் மனைவியான அவர் இத்தொகுப்புக்காகவே படைக்கப்பட்டவர்.