வேலையைச் செய்பவரே அதை வரையட்டும்: கேள்வி-பதில்

பனியன் கம்பெனி நடத்துகிறோம். கட்டிங் முதல் பேக்கிங் வரை வேலை ஓட்டத்தை வரைய எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரைத் திறந்ததும் மவுஸ் பிடித்தவர் சொல்வதே படமாகிவிடும். செக்கிங் டேபிள்காரர் வாய் திறக்க மாட்டார். சுவரில் நாலைந்து சார்ட் ஒட்டுங்கள். பிரிவுக்கு ஒருவராக ஆறேழு பேர் போதும். அண்மையில் முடிந்த ஒரே ஒரு ஆர்டரை எடுத்து, தாளுக்கு ஒரு வேலையாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "எடை" என்றால் போதாது, "துணியை எடை போடு" என்று வினை இருக்க வேண்டும். காத்திருப்புக்கு வேறு நிறத் தாள். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தும் சலான் வராமல் கிடக்கும் நேரம் அதில்தான் கண்ணில் படும்.

"வழக்கமா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் விதியைச் சொல்வார்கள். "அந்த ஆர்டர்ல என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், நடந்தது வரும். முதல் ஒரு மணி நேரம் முதலாளி அங்கே இல்லாமல் இருப்பது நல்லது. படம் நிலைத்த பிறகு காமுண்டா மாடலர் போன்ற இலவசக் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம்.

வேலை ஓட்டத்தை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறையான பிபிஎம்என்-இன் (BPMN) குறியீடு எல்லாவற்றையும் தொழிலாளர்கள் படிக்க வேண்டுமா?

வேண்டாம். 2011இல் வந்த 2.0 பதிப்பில் குறியீடுகள் ஏராளம். வேலைத் தளத்துக்கு நான்கு போதும்: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வட்டம், வேலைக்கு முனை மழுங்கிய கட்டம், வழி பிரியும், சேரும் இடத்துக்குச் சாய்சதுரம், யார் செய்வது என்பதற்குப் பட்டை.

தவறு பெரும்பாலும் சாய்சதுரத்தில்தான். அதனுள் எக்ஸ் என்றால் ஏதாவது ஒரு வழி, கூட்டல் குறி என்றால் எல்லா வழியும். கட்டிங்கும் லேபிள் கொள்முதலும் சேர்ந்தே நடக்கும், ஆகவே கூட்டலில் பிரியும். அவற்றை எக்ஸில் சேர்த்தால், படத்தின்படி எது முதலில் வந்தாலும் தையல் தொடங்கும். மற்றது வந்ததும் இன்னொரு முறை தொடங்கும். மாறாக எக்ஸில் பிரித்துக் கூட்டலில் சேர்த்தால், வரவே வராத வழிக்காக வேலை முடங்கி நிற்கும். பிரித்த குறியிலேயே சேருங்கள்.

படம் சுவர் முழுக்கப் பரவிவிட்டதே?

50 கூறுகளைத் தாண்டினால் பிரித்துவிடுங்கள். டையிங் தனிப்படம், பெரிய படத்தில் அது ஒரே கட்டம். எப்போதோ நடக்கும் விதிவிலக்குகளை வரையாதீர்கள். தனிப் பட்டியல் போதும்.

லைனில் இருப்பவர்களே முறையை மாற்றினால் குழப்பம் வராதா?

எதைத் தொடலாம் என்று சொல்லாமல் விட்டால் வரும். பையர் கட்டாயமாகக் கேட்கும் வேலைகளை, உதாரணமாக துணியில் ஊசித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் நீடில் டிடெக்டர் சோதனையை, சிவப்பில் வரைந்துவிடுங்கள். அவை தளத்தில் மாறக்கூடாது. மற்றதில் ஒரு சமயம் ஒரே மாற்றம், ஒரே ஆர்டரில். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. மாற்றத்துக்கு முன் அடுத்த பிரிவுக்காரரிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் இங்கே மிச்சமான பத்து நிமிடம் அங்கே அரை மணியாக ஏறலாம். படத்தின் மூலையில் தேதியும் மாற்றியவர் பெயரும் எழுதி, பழைய படத்தை அன்றே இறக்கிவிடுங்கள்.