ஆக்ஸ்ஃபோர்டு பெயருக்காக அனுப்பாதீர்கள்

"மேடம், அங்கே போனா இவ விசுவாசம் தளர்ந்துடுமா?"

வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டுக் கணவரோடும் மகளோடும் என்னிடம் வந்த ஒரு அம்மா, உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். அப்பாவின் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆக்ஸ்ஃபோர்டு பற்றிய அச்சுத்தாள்கள். மகள் இறையியலில் இளங்கலை முடித்து, முதுகலை முதல் வருடம் படிக்கிறாள். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க ஆசை. பெரியப்பா போதகர். "போனா ஆக்ஸ்ஃபோர்டு, இல்லைன்னா எருசலேம்" என்று அவர் முடிவே சொல்லிவிட்டாராம்.

தளராது, தைரியமாக அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நிம்மதியாகப் போயிருப்பார். எனக்கு மனசு வரவில்லை. ஆடும், கண்டிப்பாக ஆடும் என்றேன். கொஞ்சமும் ஆடாமல் திரும்பி வருவதற்கு ஒரு செமஸ்டர் எதற்கு? பத்து நாள் யாத்திரை போதுமே.

அப்பாவிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஏன் என்று கேட்டேன். "ரெஸ்யூமேல பேர் இருக்கும்ல?" என்றார். அங்கே ஒரு டெர்ம் என்பது எட்டு வாரம். வாராவாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போய் ஆசிரியர் முன் உட்கார்ந்து வாதாட வேண்டும். நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு டெர்முக்கு வந்து போகும் மாணவிக்கு ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் தராது. பெயர் ரெஸ்யூமேயில் ஒரு வரி, கடன் பல வருடம். எருசலேமில் வேதாகமப் புவியியலை மண்ணை மிதித்தே படிக்கலாம், உண்மை. ஆனால் 2023 அக்டோபரில் போர் வெடித்தபோது மாணவர்கள் செமஸ்டர் நடுவிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. இந்த இரண்டைப் பற்றியும் தகவலுக்குப் பஞ்சமில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

இருபது நிமிடம் பெரியவர்கள் பேசி முடித்தபிறகுதான் அந்தப் பெண் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். இரண்டு வருடமாக விடுமுறை ஞாயிறுகளில் தன் சபையைவிட்டு வேறு வேறு சபைகளின் ஆராதனைக்குப் போய் வந்திருக்கிறாள். தேதி, சபை, எவ்வளவு நேரம், யார் பாடினார்கள், எல்லாம் குறிப்பாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "கத்தோலிக்கர் சிலுவை அடையாளம் போடுவது இடமிருந்து வலம். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் வலமிருந்து இடம். சிரிய ஆர்த்தடாக்ஸ் மறுபடி இடமிருந்து வலம். ஏன்?" அந்த 'ஏன்'-ஐ இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். பெற்றோர் அந்த நோட்டை அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்வியோடு இருக்கிற பெண்ணை அனுப்ப வேண்டிய இடம் போசே. மூவரில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகை. அதுதான் போசே. பல நாட்டு, பல மரபுச் சபைகள் சேர்ந்த உலகத் திருச்சபைகள் மன்றத்தின் எக்குமெனிக்கல், அதாவது சபை ஒற்றுமைக்கான, கல்வி நிறுவனம் அங்கேதான் இயங்குகிறது. தொடங்கிய வருடம் 1946. வேடிக்கை என்னவென்றால், மன்றமே 1948-ல்தான் ஆம்ஸ்டர்டாமில் முறைப்படி உருவானது. தாய்க்கு முன்னால் பிள்ளை. அந்த ஆம்ஸ்டர்டாம் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான டி.டி. நைல்ஸ். இதைச் சொன்னதும் அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

படிப்பு ஜெனீவா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வாக்கில் முடியும் ஒரு செமஸ்டர் சான்றிதழ், ஐரோப்பியக் கணக்கில் 30 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு). ஆங்கிலத்தில்தான் வகுப்பு. கண்டம் கண்டமாக வந்த மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள். ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், பெந்தேகோஸ்தே, கத்தோலிக்கர் என்று யார் வேண்டுமானாலும் பக்கத்து அறையில் இருக்கலாம். காலை ஜெபத்தை மாணவர்களே மாறி மாறித் தங்கள் மரபுப்படி நடத்துகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அந்த மன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் பாடத்திட்டத்தில் ரோமுக்கு ஒரு படிப்புப் பயணம் உண்டு. காலண்டரே அங்கே ஒரு பாடம்தான். டிசம்பர் 25 ஒருவருக்கு கிறிஸ்துமஸ், ஜனவரி 6 ஆர்மீனியருக்கு, ஜனவரி 7 எத்தியோப்பியருக்கும் ரஷ்யருக்கும்.

விசுவாசம் ஆடுவது எங்கே என்றால், திருவிருந்தில். மூன்று மாதம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாத்திரம் கழுவி, இரவு ஒரு மணி வரை பேசிய தோழி, அப்பமும் திராட்சரசமும் பகிரும் நேரத்தில் எழுந்து வராமல் இருக்கையிலேயே இருந்துவிடுவாள். அவள் சபை அனுமதிக்காது. நம் பெண்ணுக்கும் அவர்கள் ஆராதனையில் அதே கதிதான். கோபமே இல்லாமல் வலிக்கும் விஷயம் இது. இன்னொன்று, இந்தப் பெண்ணுக்கு குருத்துவ அபிஷேகம் பெற்றுப் போதகராகும் எண்ணம் இருக்கிறது. பெண்களுக்கு அபிஷேகமே கூடாது என்கிற சபையின் மாணவர் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார். அவரோடு சண்டை போடாமல், விட்டும் கொடுக்காமல் பேசப் பழக வேண்டும். சபை ஊழியத்துக்கோ மருத்துவமனை ஆன்மிகப் பணிக்கோ சமய நல்லிணக்க வேலைக்கோ போகிறவளுக்கு இந்தப் பழக்கம்தான் பிழைப்பு. எந்தப் பெயர்ப்பலகையும் இதைத் தராது.

தயாரிப்பு என்றதும் எல்லாரும் பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். முதலில் தன் சபையைத் தெரிந்துகொள்ளட்டும். அங்கே போனதும் "உங்கள் சபையில் ஞானஸ்நானம் எந்த வயதில், ஏன்?" என்று கேட்பார்கள். "எங்கள் வழக்கம்" என்பது பதில் ஆகாது. 1982-ல் பெரு நாட்டின் லிமாவில் ஏற்கப்பட்ட ஞானஸ்நானம், நற்கருணை (அதாவது திருவிருந்து), ஊழியம் பற்றிய அறிக்கையைக் கிளம்பும் முன் ஒரு முறையாவது படித்துவிட வேண்டும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்று சேர்ந்தது அங்கே அடிக்கடி பேசப்படும் முன்னுதாரணம். தமிழ் பேசுகிற பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்டால் அவள் விழிக்கக் கூடாது.

அப்புறம் காகிதங்கள். 90 நாளைத் தாண்டித் தங்குவதால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா உதவாது, நீண்ட நாள் தங்குவதற்கான 'டி' வகை விசா வேண்டும். தூதரகம் அதை அங்குள்ள மாநிலக் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவதால் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். ஆகவே விண்ணப்ப வேலையை ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். சபைத் தலைமையின் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும். சுவிட்சர்லாந்தில் வசிக்க மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது யார் கணக்கில் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல கோட்டு ஒன்று போதும், ஆனால் காற்றுப் புகாததாக இருக்கட்டும். அந்த ஏரிக்கரையில் 'பீஸ்' என்று ஒரு வடகிழக்குக் காற்று வீசும், சாதாரண ஸ்வெட்டரெல்லாம் அதன் முன் நிற்காது.

அங்கே வாங்கும் கிரெடிட்டை இங்குள்ள கல்லூரி ஏற்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒரு பையனுக்குக் கல்லூரியில் "போய்ட்டு வா, பாத்துக்கலாம்" என்றார்கள். திரும்பி வந்தபோது பார்த்துக்கொள்ள யாரும் இல்லை, ஒரு செமஸ்டர் வீண். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்பது கையெழுத்தோடு காகிதத்தில் வேண்டும். அது வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

செலவுக்கு வந்தபோது அப்பா தயங்கித் தயங்கி வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்றார். கூடாது என்றேன். ஜெனீவா வட்டாரம் உலகத்திலேயே செலவு கூடிய இடங்களில் ஒன்று. போசேயில் உதவித்தொகை உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கட்டும். நான்கைந்து மாதப் படிப்புக்காக வீட்டை அடகு வைத்தால், அந்தப் பெண் திரும்பி வந்ததும் ஊழியத்தை விட்டுவிட்டு எது அதிகச் சம்பளமோ அந்த வேலைக்குத்தான் போவாள்.

"பெரியப்பாகிட்ட என்ன சொல்றது?" என்று அம்மா கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். "நான் சொல்லிக்கிறேன்மா. பரிந்துரைக் கடிதமும் அவர்கிட்டதானே ஆரம்பிக்கணும்," என்றாள். அப்பா ஆக்ஸ்ஃபோர்டு தாள்களை உறையிலிருந்து உருவி மேசையில் வைத்துவிட்டு, வெறும் உறையை அவளிடம் நீட்டினார். நோட்டு அதற்குள் சரியாகப் பொருந்தியது.