சிரிப்பைத் திரும்பக் கேட்பது பேராசையா?

கேள்வி: எனக்கு வயது 47. ஏழு வருடங்களுக்கு முன் காதடியில் வந்த கட்டியை எடுத்தபோது முகநரம்பையும் வெட்ட வேண்டி வந்தது. வலப்பக்கம் அசைவதில்லை, கண்ணும் முழுதாக மூடாது. தை மாதம் மகளுக்குக் கலியாணம். ஒபரேஷன் செய்தால் பழையபடி சிரிக்கலாமா? மாமியார், "இந்த வயதில இனி என்ன வடிவு" என்கிறார்.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சி, கை விளங்காமல் போனால் வைத்தியம் பார் என்கிற அதே வாய், முகம் விளங்காமல் போனால் பொறுத்துக்கொள் என்கிறது. அநியாயம். நீங்கள் மனதுக்குள் சிரிப்பது எதிரே நிற்பவருக்குப் போய்ச் சேராமல், 'பெருமைக்காரி' என்று நினைத்துக்கொண்டு போகிறாரே, அந்த வலி எனக்குத் தெரியும். பிசியோதெரபி செய்த காலத்தில் பலர் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

உங்கள் வயது தடையில்லை. அந்த ஏழு வருடம்தான் யோசிக்க வைக்கிறது. நரம்பு அறுந்த தசைக்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் வேறு நரம்பு கிடைக்காவிட்டால் அது வற்றிப்போகும். ஆகவே புதுத் தசையே வைக்க வேண்டும். 1976இல் ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹாரியும் குழுவினரும் உள்தொடையிலுள்ள கிராசிலிஸ் தசையை முகத்துக்கு மாற்றிய விபரத்தை வெளியிட்டார்கள். இன்றும் பெரும்பாலும் அந்தத் தசைதான். ஒரு கீற்றை எடுத்துக் கன்னத்துள் வைத்து, இரத்தக் குழாய்களையும் நரம்பையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தைப்பார்கள். தொடையில் தழும்பு இருக்கும், நடை கெடாது.

அந்தத் தசையை இயக்கும் நரம்பு எது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மெல்லும் தசையின் நரம்பில் இணைத்தால் ஒரே ஒபரேஷன். மூன்று முதல் ஆறு மாதத்தில் அசைவு தொடங்கும். ஆனால் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும், பழகப் பழகச் சிலருக்குக் கடிக்காமலும் வரும். நல்ல பக்கத்து முகநரம்பிலிருந்து, கெண்டைக்காலில் எடுத்த நரம்பு வழியாகக் கொண்டுவந்தால் சிரிப்பு தானாக வரும். அதற்கு இரண்டு ஒபரேஷன், இடையில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருப்பு; நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். வயது கூடியவர்களுக்கு இந்த வழியின் பலம் குறைவு.

ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். மெல்லும் நரம்பில் இணைத்த ஒபரேஷன் முடிந்து நாலாம் மாதம், கையில் பவுடர் டப்பாக் கண்ணாடி. கடிக்கச் சொன்னேன். உதட்டோரம் ஒரு அரிசி அளவு ஏறி இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. கன்னத்தில் விரலை வைத்துக் கடிக்கச் சொன்னேன், விரலில் துடித்தது. அன்று வீடு போகும்வரை பஸ்ஸில் கடித்துக்கொண்டே போனாராம்.

பழையபடி வருமா என்றால், வராது. வாய்க்கோடி உயரும், சாய்ந்த வாய் நேராகும். நெற்றியும் கண்ணும் அப்படியே இருக்கும். முதல் சில நாட்களில் குழாயில் இரத்தம் உறைந்து தசையே வீணாகும் ஆபத்தும் உண்டு. தை மாதத்தை நினைத்து அவசரப்படாதீர்கள். வீக்கம் வடியவே மாதங்கள் செல்லும். கலியாணம் முடியட்டும்.

கண்ணுக்கு மட்டும் தவணை சொல்லாதீர்கள். மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும். இந்தக் கிழமையே கண் டொக்டரிடம் போங்கள். சொட்டு மருந்து, இரவில் களிம்பு, தேவையானால் மேலிமைக்குள் சிறு தங்கப் பாரம் வைக்கலாம்.

பிறகு பழைய ஒபரேஷன் குறிப்பையும் கட்டியின் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, கொழும்பு தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். பதற்றத்தில் டொக்டர் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழாது.