மாசத்துக்கு ஒரு பம்ப் தீருது சிஸ்டர்

மார்கழி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மூச்சும் மூக்கும்தான் அதிகம். மலையில் பனி இறங்குகிறது, கீழே தறிக்கூடத்தில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சுத் தூசிக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள், அப்புறம் இழுப்பு வராமல் என்ன செய்யும்? 26 வருஷம் வார்டில் மருந்து கொடுத்த நர்ஸ் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். டோஸைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 41. ஆஸ்துமாவுக்கு டாக்டர் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) எழுதினார். ஆஸ்தாலின் அடித்தால் உடனே நெஞ்சு லேசாகிறது. புடிகார்ட் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டேன். இப்போது ஆஸ்தாலின் மாசத்துக்கு ஒன்று தீர்கிறது, கை வேறு நடுங்குகிறது. பம்ப் பழகிவிட்டால் விடமுடியாது என்கிறார்களே, அதுதானா இது? – வாசகர், அம்மாப்பேட்டை

பழக்கம் இல்லை தம்பி. விடக்கூடாத மருந்தை விட்டுவிட்டீர்கள், அதுதான் விஷயம்.

ஆஸ்தாலினில் இருப்பது சால்புட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிஷத்தில் வேலை தெரியும், நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். ஆனால் குழாயின் உள்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறதே, அந்த வீக்கத்தை அது தொடவே தொடாது. அதற்குத்தான் இன்னொரு பம்ப். புடிகார்டில் இருக்கும் புடிசனைடு ஒரு ஸ்டீராய்டு, தினமும் அடித்துக்கொண்டே வந்தால் சில நாளில் வீக்கம் வற்றத் தொடங்கும், முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அடித்த உடனே ஒன்றும் தெரியாது, அது அப்படித்தான். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகிற மருந்து பம்பில் மைக்ரோகிராம் கணக்கில்தான் போகிறது, அதுவும் நேராக நுரையீரலுக்கு.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ஆஸ்தாலின் பம்பில் 200 பஃப், அதாவது 200 தடவை அழுத்தலாம். மாசத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 12. உலக அளவில் டாக்டர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டி, வருஷத்துக்கு 3 பம்ப் தீர்ந்தாலே கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது, 12 ஆனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்கிறது. 2019லிருந்து, சால்புட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கவே கூடாது என்றும் சொல்கிறது. அதனால் இதை அடுத்த மாசத்துக்குத் தள்ளாதீர்கள், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். புடிசனைடும், குழாயைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே பம்பை தினமும் அடித்து, இழுப்பு வந்தாலும் அதையே அடிக்கிற முறை ஒன்று இருக்கிறது. அது உங்களுக்குச் சரிப்படுமா என்று கேளுங்கள். கை நடுக்கம், படபடப்பு எல்லாம் சால்புட்டமால் அதிகம் போவதால் வருவது, அது ரத்தத்தில் பொட்டாசியத்தையும் இறக்கும்.

அப்புறம் ஒன்று, அடிக்கிற விதம். வார்டில் "எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்க" என்று கேட்டால் பாதிப் பேருக்கு அழுத்தும்போதே உதட்டோரத்தில் வெள்ளையாகப் புகை வெளியே வரும், அந்த மருந்து அவ்வளவும் வீண். பம்பைக் குலுக்குங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், உதட்டால் இறுக்கிப் பிடித்து மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு முறை அழுத்துங்கள், இழுத்து முடித்ததும் 10 எண்ணும்வரை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது பொறுங்கள். இது கைவரவில்லை என்றால் ஸ்பேசர் (பம்பில் மாட்டும் குழாய் மாதிரியான டப்பா) வாங்கிக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கும் அது நல்லதுதான். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள், துணியால் துடைத்தால் உள்சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். புடிகார்ட் அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், தொண்டை கட்டும். பம்பின் நிறத்தை அடையாளமாக வைக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரைப் படியுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, விறகடுப்பிலேயே காலம் ஓட்டியவர். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி டயோட்ரோபியம் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். மூன்று மாசமாக ஒரு பலனும் இல்லை. – வாசகி, ஏற்காடு

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறாரா? நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பாட்டி நாலு மாசம் அப்படித்தான் விழுங்கியிருக்கிறார். அந்தக் கேப்ஸ்யூலைப் போட்டுப் பவுடரை இழுக்கிற ரோட்டாஹேலர் கருவியின் டப்பா பிரிக்காமல் மஞ்சப்பையில் இருந்தது. அவர் மேல் தப்பே இல்லை, மாத்திரை மாதிரி அட்டையில் கொடுத்தால் யாரும் விழுங்கத்தான் செய்வார்கள். செய்து காட்டாமல் வீட்டுக்கு அனுப்பியது எங்கள் தப்பு. இன்றைக்கும் எனக்கு அது மனசில் உறுத்துகிறது.

கேப்ஸ்யூலின் கண்ணாடி மாதிரி இருக்கும் முனையை முதலில் விட்டு ரோட்டாஹேலரின் சதுர ஓட்டையில் சொருகுங்கள், திருப்பினால் உடையும். பம்ப் மாதிரி மெதுவாக இழுக்கக் கூடாது, இதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ரோட்டாஹேலருக்குள் மூச்சை விட்டுவிடாதீர்கள், ஈரம் பட்டால் பவுடர் கட்டியாகும். உங்கள் ஊர்ப் பனிக்கு இன்னும் கவனம் வேண்டும், கேப்ஸ்யூலை இழுக்கிற நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும், முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. இழுத்தபின் திறந்து பாருங்கள், பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை. இந்த மருந்தால் வாய் வறளும். சிறுநீர் போக முக்கினாலும், கண்ணில் பவுடர் பட்டு வலித்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏற்காடு ரூட்டில் வேன் ஓட்டுகிறேன். காலையில் 20, 30 தும்மல். மெடிக்கலில் கொடுக்கும் சளி மாத்திரை போட்டால் கண் சொருகுகிறது. – வாசகர், கோரிமேடு

20 கொண்டை ஊசி வளைவில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், அந்த மாத்திரையை இன்றோடு விடுங்கள். கடையில் சளிக்கு என்று கொடுப்பதில் பெரும்பாலும் சி.பி.எம். எனப்படும் குளோர்ஃபெனிரமின் இருக்கும். பழைய தலைமுறை மருந்து, மூளைக்குள் நேராகப் போகும். ராத்திரிதானே போட்டேன் என்று நினைப்பீர்கள், அதன் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கும், உங்களுக்கே தெரியாமல் பிரேக் மிதிக்கும் வேகம் குறையும். சிட்ரிசின் தேவலை, ஆனாலும் சிலருக்குத் தூக்கம் வரும். ஃபெக்ஸோஃபெனடின் இவை எல்லாவற்றிலும் தூக்கம் குறைவு, டாக்டரிடம் அதைக் கேளுங்கள். ஆனால் தண்ணீரில் மட்டும் போடுங்கள். வழியில் ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டே போட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றும்.

தினமும் தும்மல் என்றால் மாத்திரையைவிட ஃப்ளூட்டிகசோன் மாதிரி மூக்கு ஸ்பிரே நல்ல பலன் தரும். தலையைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் அடியுங்கள். அப்போது மருந்து நடுத்தண்டில் படாது, ரத்தம் கசியாது.

மூக்கடைப்புக்கு ஆறு மாசமாக ஓட்ரிவின் சொட்டு. இல்லாவிட்டால் தூக்கமே வராது. – வாசகி, ஆத்தூர்

இப்போது அடைப்பை உண்டாக்குவதே அந்தச் சொட்டுதான். ரத்தக்குழாயைச் சுருக்கும், வேகம் இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள், அதற்கு மேல் கூடாது. ஒரே நாளில் விடக் கஷ்டமாக இருந்தால் ஈ.என்.டி. டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்து ஒவ்வொரு மூக்காக நிறுத்தச் சொல்வார்.

அப்பா பீடியை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. விட்டதிலிருந்து வாந்தி, படபடப்பு, தூக்கமில்லை. மூச்சுத்திணறலுக்கு டெரிஃபிலின் பல வருஷமாகப் போடுகிறார். "பீடி இருந்தப்பவே நல்லா இருந்தேன்" என்கிறார். – வாசகர், சிவதாபுரம்

இதைப் படித்ததும் முதலில் பதில் எழுத உட்கார்ந்தது இந்தக் கடிதத்துக்குத்தான். பீடிப் புகை கல்லீரலைத் தூண்டிவிட்டு, டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலினைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் புகைப்பவர்களுக்கு டோஸ் கூடுதலாகத் தேவைப்படும். புகை நின்றதும் கல்லீரல் பழைய நிதானத்துக்கு வந்துவிடும், அதே மாத்திரை இப்போது உடம்பில் தேங்கும். இந்தத் தியோஃபிலினுக்குப் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. வாந்தியும் படபடப்பும் அதற்கான முதல் அறிகுறி, முற்றினால் வலிப்பு வரும். அடுத்த மாத்திரை போடும் முன்பே, இன்றைக்கே அழைத்துப் போங்கள், பீடியை விட்ட விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், எரித்ரோமைசின் போட்டாலும் இதே கதைதான், யாராவது ஆன்டிபயாடிக் எழுதினால் டெரிஃபிலின் போடுவதைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் சொல்லுங்கள்: அவர் பீடியை விட்டது சரி, டோஸ்தான் மாறவேண்டும்.

கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்ததிலிருந்து பழைய இழுப்பு திரும்பிவிட்டது. சம்பந்தம் உண்டா? – வாசகி, செவ்வாய்ப்பேட்டை

உண்டு. டிமோலால் சொட்டாக இருக்கலாம். கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் டாக்டரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லி இன்றே மாற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தினால் பார்வை பாதிக்கப்படலாம்.

ஐந்து வயதுப் பையனுக்கு மாண்டிலுகாஸ்ட் கொடுத்த பிறகு ராத்திரி கத்திக்கொண்டு எழுகிறான், சின்ன விஷயத்துக்கும் அடிக்கிறான். – வாசகி, ஓமலூர்

அம்மாக்கள் கவனித்துச் சொல்வதை நான் எப்போதும் நம்புவேன். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை கொடுத்தது. எல்லாக் குழந்தைக்கும் வராது. உங்களிடம் வந்திருக்கிறது என்று தோன்றினால் இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து நிறுத்தலாமா என்று கேளுங்கள். லீவோசிட்ரிசினோடு சேர்ந்த சிரப்பிலும் இது இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

காபி எஸ்டேட்டில் தேனீ கொட்டி ஒருவருக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. அலர்ஜிக்குப் போடும் ஏவில் ஊசி போதுமா? – வாசகர், நாகலூர்

போதாது. மூச்சு முட்டினால், தலை சுற்றினால், குரல் கம்மினால், முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஏவில் அரிப்பைக் குறைக்கும், தொண்டை வீக்கத்தைத் திறக்காது. டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவே மணிக்கணக்காகும். ஏவிலும் டெக்ஸாவும் போட்டு "பார்ப்போம்" என்று உட்கார வைத்த ஒருவரை மிகவும் தாமதமாக எங்களிடம் கொண்டு வந்தார்கள், அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. 108ஐக் கூப்பிடுங்கள், அப்படியே மலை இறங்கிச் சேலம் வரக் காத்திருக்காமல் ஏற்காட்டிலேயே இருக்கும் அரசு மருத்துவமனைக்கு முதலில் கொண்டு போங்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்காரவையுங்கள், நடக்க விடாதீர்கள். சரியான பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், அதனால் அன்றைக்கு அங்கேயே தங்க வைக்கச் சொல்லுங்கள்.